எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறை

பாமாவின் ‘கருக்கு’ 1992-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வெளிவந்தது. அந்நூலைப் பற்றி நம் வட்டாரங்களில் பேச்சு எழும்போதெல்லாம், துறவு இல்லத்தைவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் மனக்குமுறல் என்ற அளவிலேயே அப்பேச்சு நின்றுவிடுவதை நாம் கவனித்து வந்திருக்கிறோம். திருச்சபையின்மீது எறியப்பட்ட கல் என்று சிலர் அதனை ஒதுக்கினர். துணிச்சலான சாட்சியம் என்று வேறு சிலர் போற்றினர். இரு சாராருமே நூலின் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறார்களோ என்ற ஐயம் நமக்கு உண்டு. ஏனெனில், முதலிலிருந்து முறையாகப் படிப்பவருக்கு இது முதன்மையாக ஒரு பள்ளிக்கூடத்து நூல் என்பது விளங்காமற் போகாது. மூன்றாம் வகுப்புச் சிறுமி, விடுதி மாணவி, கல்லூரி மாணவி, ஆசிரியை, கன்னியர் மடத்துப் பள்ளியில் பணியாற்றும் துறவி எனக் கதைசொல்லி வளர வளர, பள்ளிக்கூடமும் அவரோடு கூடவே வருகின்றது.

ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கிட்டுவது என்றால் என்ன? சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதா? அதற்குமேலும் ஏதேனும் உண்டா? இக்கேள்வியை இந்நூலிடம் கேட்டு மீண்டும் ஒருமுறை அதனைப் படித்தோம். அந்த வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

நூலின் தொடக்கம் ஊர் வருணனை. மலைகளும் கண்மாய்களும் வயல்களும் கண்முன் விரிகின்றன. அவசரப்படும் வாசகர் இப்பக்கங்களை இயற்கை வருணனை என்று கடந்துபோய்விடுவார். ஆனால், ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கின்றது என்பதை ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடுகிறார். அஞ்சல் நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பால் பண்ணை, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடங்கள் ஆகிய அனைத்தும் மற்றச் சாதியார் தெருக்களில் இருக்கின்றன. எனவே அவர்கள் தலித் மக்களின் தெருவுக்கு வரவேண்டிய தேவையே எழுவதில்லை. இவர்கள்தாம் அங்கே போகவேண்டும். பள்ளி எந்தத் தெருவில் நிற்கின்றது என்பது சிறு செய்தியன்று. பள்ளிக்குச் செல்லும் குழந்தை நாள்தோறும் ஓர் எல்லையைக் கடக்கின்றது. எல்லைக்கு அப்பாலுள்ள குழந்தையோ தன் வீட்டு வாசலிலிருந்து நேரே பள்ளிக்குள் நுழைகின்றது. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிப்பதாகப் பதிவேடு சொல்லும். அவர்கள் நடந்து வந்த வழியைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு சொல்லும் இராது.

இரண்டாம் பகுதியில் வரும் அந்தப் பொட்டலக் காட்சி இன்று பலரும் அறிந்ததே. மூன்றாம் வகுப்பில் படிக்கும் சிறுமி பள்ளி முடிந்து வீடு திரும்புகிறாள். தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலவுடைமைக்காரரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகின்றது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தை ஏன் அப்படித் தூக்கினார் என்பதை விளக்குகிறான். பின்னொரு நாள், பிறப்பால் மறுக்கப்பட்ட மதிப்பைப் படித்து முன்னேறினால் பெறலாம் என்றும், கவனமாகப் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தால் மற்றவர்கள் தாமே தேடிவந்து பழகுவார்கள் என்றும் அறிவுரை கூறுகிறான்.

நூல் முழுவதையும் தாங்கி நிற்பது அண்ணனின் இந்த வாக்குத்தான் என்பது நம் கருத்து. இதனை நம் தாய் தந்தையர் நமக்குச் சொல்லியிருக்கின்றனர், நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மறையுரைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இது ஒலிக்கின்றது. சிறுமி அதனை அப்படியே நம்பினாள், வெறியோடு படித்தாள், வகுப்பில் முதலாவதாகவும் வந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவ்வாக்கு மெய்யா பொய்யா என்பதற்கான சோதனையாகவே அமைகின்றது. சாட்சியம் என்ற சொல்லைவிடச் சோதனை என்ற சொல்லே ‘கருக்கு’க்குப் பொருந்தும்.

முதற் சோதனை பள்ளியிலேயே நேர்கின்றது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த மரத்திலிருந்து தேங்காய் ஒன்று விழ, அதனைத் திருடியவள் என்ற பழி இவள்மீது விழுகின்றது. தலைமையாசிரியர் அனைவர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி ஏசுகிறார். நீதி கேட்டுப் பங்குத்தந்தையிடம் போனால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற பொருள்பட அவரும் பேசுகிறார். வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்ற சிறப்பு அவளுக்குத் துணை நிற்கவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை திருடியிருக்கமாட்டாள் என்று ஒருவர்கூட எண்ணவில்லை.

இங்கே காலப் பின்னணியையும் நினைவிற்கொள்ள வேண்டும். பாமா 1958-இல் பிறந்தவர். தமிழகத்தில் பள்ளிகள் ஊர்தோறும் பெருகிய காலம் அது. பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்க முடியாது என்பதை உணர்ந்து காமராசர் ஆட்சி மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது 1956-இல். கிறித்தவச் சபைகளோ அதற்கு முன்பே சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறந்திருந்தன. இப்பணிகளின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை இல்லையென்றால் ‘கருக்கு’ எழுதப்பட்டிருக்காது. ஆயினும் கதவு திறந்திருந்தது என்பதோடு வரலாறு முடிந்துவிடுகிறதா? உள்ளே நுழைந்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதை, வகுப்பின் உள்ளேயிருந்து அப்பிள்ளையின் கண்கொண்டு எழுதிக் காட்டிய தமிழ் உரைநடை நூல்கள் இதற்கு முன் மிகச் சிலவே.

இனி, நம்மை மிகவும் வருத்திய இடத்துக்கு வருகிறோம். கல்லூரி வகுப்பில் ஒருநாள் ஆசிரியை அரிசன மாணவிகளை எழுந்து நிற்கச் சொல்கிறார். தண்டிப்பதற்காக அன்று, அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு நடத்தும் சலுகையைத் தருவதற்காக. ஓரிருவர் எழுகின்றனர். மற்ற மாணவியரிடையே சலசலப்பு எழுகின்றது, ஏளனச் சிரிப்பும் கேட்கின்றது. கதைசொல்லிக்குச் சினம் பொங்குகின்றது. அந்தத் தனி வகுப்பே தமக்கு வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். துறவறத்தைத் துறந்த நிகழ்ச்சியே நூலின் உச்சம் என்பார் உளர். நமக்கோ இந்தச் சில வரிகளே உச்சமாகத் தோன்றுகின்றன. உதவி தேவைப்படும் ஒருவர் அந்த உதவியை உதறித்தள்ளுவது ஏன் என்பதை அறிக்கைகளால் விளக்க இயலாது. சலுகைகள் இருந்தும் இவர்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று குறைபடுவோர் நம்மிடையே இன்றும் பலர். அவர்கள் இப்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

நம் பங்கின் வாசகர் வட்டத்தில் இந்நூலைப் படித்தபோது நிகழ்ந்ததை இங்கே சொல்லத் தோன்றுகின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்பகுதி வாசிக்கப்பட்டதும் பேசினார். “நானும் அப்படித்தான் செய்தேன். ஆண்டுதோறும் அலுவலகத்திலிருந்து எண்ணிக்கை கேட்பார்கள். உதவித்தொகைப் படிவம் எத்தனை வேண்டும் என்று சொல்லவேண்டும். எழுந்து நில்லுங்கள் என்று எண்ணித்தான் சொன்னேன். கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.” அவர் சொன்னது உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. பிள்ளைகளுக்காகத் தம் கைப்பணத்தைச் செலவழித்தவர் அவர்.

சற்று நேரம் கழித்து, நம் பங்கின் காலனியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், நடுத்தர வயதினர், மெல்லச் சொன்னார்: “எங்க வகுப்பிலும் சொன்னாங்க டீச்சர். ஒன்பதாம் வகுப்பு. நான் எழுந்திரிக்கல. படிவமும் வாங்கல. அப்பா அந்த வருசம் வட்டிக்கு வாங்கித்தான் நோட்டுப் புத்தகம் எடுத்தாரு. ஏன் வாங்கலன்னு வீட்ல கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல குடுக்கலன்னு பொய் சொல்லிட்டேன்.”

எந்த ஆண்டு, எந்தப் பள்ளி என்று ஆசிரியை கேட்டார். சொன்னார். அது தாம் பணியாற்றிய பள்ளியன்று என்பதை அறிந்தும் அவர் முகம் தெளியவில்லை. “தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் தம்பி. எங்களுக்குத் தோன்றவில்லை” என்றார். நாம் வாளாவிருந்தோம். அத்தகைய வகுப்பறைகளில் எழாமல் அமர்ந்திருந்தவர்கள் நாம். யார் யார் எழுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவர்களும் நாமே. நம் நினைவில் அது ஒரு நிகழ்ச்சியாகவே பதியவில்லை என்பதுதான் அன்று நமக்கு உறைத்தது.

அந்தப் படிவத்திலுள்ள தலைப்பையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். ‘ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்று தமிழக அரசின் அறிவிப்புகளில் ஒரு நெடுந்தொடர் வரும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான தலித்துகளைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டும் நம்மவர்க்குத் திருத்தப்படவில்லை. மாநில அரசு கல்விச் சலுகைகளை அளவில் நீட்டித்ததால் வந்தது அந்தத் தொடர். ஆக, அரசின் பட்டியலில் தலித் அல்லர் என்று விடப்பட்ட அதே பிள்ளை, வகுப்பறையில் தலித் என்று எழுந்து நிற்கிறது! திருமுழுக்கு அப்பிள்ளைக்கு எந்தத் தெருவை மாற்றிக்கொடுத்தது என்று பாமா கேட்பதில் வியப்பென்ன?

தம்பி தங்கையரின் புதுநன்மை விழாவுக்கு ஊர் செல்ல அனுமதி கேட்டபோது, உங்கள் சாதியில் இதற்கெல்லாம் என்ன கொண்டாட்டம் என்ற தோரணையில் கல்லூரியில் மறுக்கப்பட்டதையும், போராடியே அவர் அனுமதி பெற்றதையும் நூலில் காணலாம். படிப்பு முடியும் வேளையில் நடந்த விருந்துக்கு உடுத்த நல்ல சேலை இன்றிக் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டதையும் அவர் எழுதுகிறார். இவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. படிக்கும் எவரும் தாமே உணர்வர்.

நூலின் மொழியைப் பற்றி ஒரு நெடிய விவாதம் உண்டு. உரையாடலில் மட்டுமன்றி, கதை சொல்லும் நடையிலேயே விருதுநகர்ப் பக்கத்துத் தெருப்பேச்சை ஆசிரியர் கையாண்டுள்ளார். கொச்சை, இலக்கணமற்றது, அச்சிடத் தகாதது என்றெல்லாம் அன்று முகம் சுளித்தனர். செந்தமிழ்ப் பற்றுள்ள நமக்கும் முதல் வாசிப்பில் அது நெருடவே செய்தது. இப்போது வேறுவிதமாகத் தோன்றுகின்றது. இதனை எழுதியவர் படிக்காதவர் அல்லர். பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, பிறருக்குப் பாடம் சொன்னவர். பள்ளித் தமிழ் அவருக்குக் கைவராமலில்லை. அப்படியிருந்தும் தம் வாழ்வைச் சொல்ல அமர்ந்தபோது அவர் பள்ளி கற்பித்த மொழியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட்டியின் மொழியை எடுத்துக்கொண்டார். சேரிப் பிள்ளை பள்ளிக்குள் நுழையும்போது வாசலிலேயே விட்டுவரவேண்டியவற்றுள் முதன்மையானது அதன் பேச்சு. வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்பதால் விடை தெரிந்தும் வாய் திறவாத பிள்ளைகளை நம் ஆசிரியப் பெருமக்கள் அறிவர். அந்தப் பேச்சிலேயே ஒரு நூல் முழுவதும் எழுதப்பட்டு, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2000-இல் வெளியாகி, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் வைக்கப்பட்டது. பாடத்திட்டங்களின் அன்பு நிலையானதன்று என்பதும் உண்மையே. பாமாவின் ‘சங்கதி’யின் பகுதியை 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிற்று.

நூலைக் குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. கதைசொல்லியின் தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். பாட்டிகளும் தாயும் நிலங்களில் உழைத்தாலும், மாதந்தோறும் ஏதோ ஒரு தொகை வீட்டுக்கு வருவதற்கு வழி இருந்தது. அண்ணன் படித்தவர். அதே தெருவில், அதே வயதில், பனங்கருக்கு கீறக் கீற விறகு பொறுக்கிய மற்றச் சிறுமியரில் எத்தனை பேருக்கு இவை வாய்த்தன? அவர்கள் எந்த வகுப்போடு நின்றார்கள்? நூல் அவர்களை அவ்வப்போது கண்டு செல்கின்றதேயன்றி அவர்களோடு தங்குவதில்லை. உள்ளே நுழைந்தவளின் அவமானத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நூல், நுழையவே முடியாதவளின் இழப்பைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றது. இக்குறையை ஆசிரியரே உணர்ந்தார் போலும்! 1994-இல் வந்த ‘சங்கதி’யில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமியைப் படைத்துக் காட்டினார். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் ஒரு குடும்பத்தின் அடுப்பு அவள் கையில் இருக்கின்றது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யையும் (2000) இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனும், பள்ளிக்குச் செல்லும் பண்ணையார் மகனும் ஒரே காட்டில் விளையாடுகின்றனர். பள்ளிக்கூடம் என்பது மேய்ப்பவனுக்கு நண்பன் வாயிலாகக் கேள்விப்படும் ஒன்றாகவே இருக்கின்றது.

இன்னொரு குறை. ஆசிரியையாகத் தாம் பணியாற்றிய ஆண்டுகளை மகிழ்ச்சியானவை என்கிறார் பாமா. அப்பள்ளியில் பயின்ற தலித் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் நிறைவு கண்டதாகவும், அவர்களுக்காக அருட்சகோதரிகளிடம் வாதாடியதாகவும் எழுதுகிறார். ஆனால் இப்பகுதி மிகச் சுருக்கமாக முடிந்துவிடுகின்றது. எழுந்து நிற்க வைக்கப்பட்ட ஒருவர் தாமே ஆசிரியையானபோது பிள்ளைகளின் பெயரை எப்படி அழைத்தார், விடை தவறியவளிடம் என்ன சொன்னார், சாதி விவரத்தை எவ்வாறு கேட்டு எழுதினார் என்பதை அறிய நாம் பேராவல் கொண்டோம். அது கிடைக்கவில்லை. துறவற இல்லத்தைப் பற்றிய பகுதியிலும் அருட்சகோதரியர் பெரும்பாலும் ஒரே முகத்தினராக வருகின்றனர். அவர்களுள் வேறுபட்டவர்கள் இருந்திருப்பர். அவர்களைத் தனித்துக் காட்டியிருந்தால் குற்றச்சாட்டின் வலிமை கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

அக்குற்றச்சாட்டு இதுதான்: ஏழை தலித் பிள்ளைகளுக்கு உழைக்கவென்று துறவு பூண்டவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பணிக்கு அமர்த்தப்படுகிறார். அங்கே ஏழைப் பிள்ளைகள் ஏவல் வேலை செய்பவர்களாக மட்டுமே தென்படுகின்றனர். இதனைப் படித்து நாம் சினம் கொள்வதற்குமுன், நம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்க நாம் பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டோம் என்பதை எண்ணுவது நேர்மையாகும். அப்பள்ளிகள் அப்படி ஆனதில் பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்லிற்று. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உரிமை காக்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். அந்த இடங்களைச் சட்டம் கேட்காமலே நாம் கொடுத்திருக்கிறோமா என்ற பேச்சு நம் பெற்றோர் கூட்டங்களில் அதிகம் எழுந்ததாக நினைவில்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் ஆற்றல்படுத்தும் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டு அதனைப் பாவம் என்றது. ‘கருக்கு’ வெளிவந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அண்ணனின் வாக்கு பொய்த்ததா? நூலில் அதற்கு நேரான விடை இல்லை. படித்தால் மதிப்பு வரும் என்றது பொய்த்தது. வகுப்பில் முதலாவதாக வந்தும் திருடி எனப்பட்டாள், பட்டம் பெற்ற பிறகும் அவளுடைய சாதியே கேட்கப்பட்டது. ஆனால் கல்வி இல்லையென்றால் அந்தப் பொய்யைக் கண்டு எழுதும் கை இருந்திராது. கதைசொல்லி கல்வியை ஓரிடத்திலும் பழிக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொண்டோம். கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய பின்னும் அவர் திரும்பிச் சென்றது ஆசிரியப் பணிக்கே.

வாசகர் வட்டத்தில் அடுத்த மாதத்துக்குச் ‘சங்கதி’ என்று முடிவாயிற்று. நம்மிடம் ஒரே படிதான் இருந்தது. ஆசிரியை அதனை எடுத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “தம்பி, நீங்கள் முதலில் படியுங்கள்” என்று அந்த அன்பரிடமே நீட்டினார். தம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகவும், இரண்டு முறை படித்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.